வெண்டர் ஊர்கள்: பாடியிலிருந்து கோவை வரை ஒரு பயணம்

நாள் 1: பாடி, அம்பத்தூர்

இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு கார் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில், வெளியிலிருந்து வாங்கும் பாகங்களின் தரத்தைச் சோதிக்கும் பொறியாளனாக வேலை பார்த்தேன். தமிழ்நாட்டில் நான் ஏறி இறங்காத தொழிற்பேட்டை குறைவு. ஆனால் எங்கே போனாலும் கையில் ஒரு சோதனைப் பட்டியல் இருக்கும், வாசலில் கார் காத்திருக்கும், மாலைக்குள் அறிக்கை அனுப்பியாக வேண்டும். போன மாதம் ஓய்வு பெற்றேன். அதே ஊர்களை இந்த முறை பட்டியல் இல்லாமல், பேருந்தில் போய்ப் பார்த்துவர வேண்டும் என்று இன்று காலை கிளம்பிவிட்டேன்.

கார் நிறுவனம் என்று நாம் அழைப்பது பெரும்பாலும் வாங்கிச் சேர்க்கும் நிறுவனம்தான். ஒரு காரைக் கடைசித் திருகாணி வரை பிரித்து எண்ணினால் முப்பதாயிரம் பாகங்கள் வரும் என்பது தொழிலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. உடல் தகட்டை அழுத்துவது, பற்றவைப்பது, வர்ணம் பூசுவது, எஞ்சினின் முக்கியப் பகுதிகளைக் கடைவது, எல்லாவற்றையும் பூட்டுவது ஆகியவை காரின் பெயர் தாங்கிய ஆலைக்குள் நடக்கின்றன. மீதியெல்லாம் வெளியிலிருந்து வருகிறது. அப்படிச் செய்து தருபவர்களைத் தொழிலில் வெண்டர்கள் என்போம். இந்தியக் கார் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், விற்று வரும் பணத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு பொருள் வாங்கவே போய்விடுவது தெரியும்.

பாடியிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. சம்பந்தர் பாடிய திருவலிதாயம் இந்த ஊர்தான். கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் சற்றுத் தொலைவில் டி.வி.எஸ். குழுமத்தின் தொழிற்சாலைச் சுவர்கள் தொடங்கிவிடும். 1911இல் மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய தொழில், பேருந்து ஓட்டுவதிலிருந்து வண்டி விற்பதற்கும், அங்கிருந்து பாகங்கள் செய்வதற்கும் வளர்ந்தது. அந்த மூன்றாவது அடியை எடுத்துவைக்க ஓர் அரசு முடிவு தூண்டியது. இந்தியாவில் வண்டியைத் தயாரிக்கும் திட்டம் இல்லாமல் வெறுமனே பூட்டி மட்டும் விற்பவர்கள் இங்கே தொடர முடியாது என்ற நிலையை 1950களின் தொடக்கத்தில் மத்திய அரசு எடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அப்போது கடையைக் கட்டிக்கொண்டு போயின. இருந்தவர்களுக்கு உள்நாட்டிலேயே பாகம் செய்து தர ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1960களில் பாடியில் வரிசையாக ஆலைகள் எழுந்தன: ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்குகளுக்குப் பிரேக்ஸ் இந்தியா, லாரிகளின் ஏர் பிரேக்குக்குச் சுந்தரம் கிளேட்டன், சக்கரங்களுக்கு வீல்ஸ் இந்தியா, போல்ட்டு நட்டுகளுக்குச் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ். ஒரு வண்டியைப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் ஆலை கட்டியது போல இருக்கும் அந்த வரிசை.

இவர்கள் வெறுமனே வரைபடத்தைப் பார்த்துச் செய்து கொடுப்பவர்களாக நின்றுவிடவில்லை. சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் 1990களில், இங்கிலாந்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வைத்திருந்த ரேடியேட்டர் மூடி செய்யும் இயந்திரங்களை வாங்கிக் கொண்டுவந்து, இங்கிருந்து அதே நிறுவனத்துக்கு மூடிகளை அனுப்பியது. சுந்தரம் கிளேட்டன் 1998இல், தரத்துக்காக ஜப்பானில் வழங்கும் டெமிங் விருதைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை. இந்தியாவில் தரம் என்ற சொல்லுக்குப் பொருள் கற்றுக்கொடுத்தவர்களில் கார் செய்தவர்களைவிடப் பாகம் செய்தவர்களுக்குப் பங்கு அதிகம் என்பது என் உறுதியான கருத்து.

பிற்பகலில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போனேன். இங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் பாடிக்காரர்களுக்குப் பாகம் செய்து கொடுப்பவர்கள். கார் ஆலைக்கு நேரடியாகப் பாகம் தருபவர்கள் முதல் அடுக்கு என்றால், தொழிலில் இவர்களை இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என்பார்கள். பழைய பழக்கத்தில் ஒருவர் என்னைத் தன் பட்டறைக்குள் அழைத்துப்போனார். கணினிக் கட்டுப்பாட்டில் கடையும் இரண்டு சி.என்.சி. இயந்திரங்கள், பழைய லேத் ஒன்று, எட்டுப் பேர். இயந்திரத்திலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் எஃகுக் குழல்கள் எண்ணெய் சொட்டச் சொட்ட வந்து விழுகின்றன. ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் ஒவ்வொன்றாக எடுத்து, துணியால் துடைத்து, டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார். துளையின் விளிம்பில் பிசிறு இருந்தால் ஊசி அரத்தால் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு துளையின் அளவைச் சோதிக்கும் கேஜ். ‘கோ’ பக்கம் தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். ‘நோ-கோ’ பக்கம் நுழையவே கூடாது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தலைமுடியின் பருமனில் பாதிகூட வராது. நான் பார்த்துக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் அவர் இரண்டு குழல்களைச் சிவப்புப் பெட்டியில் போட்டார். இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். என் கண்ணுக்குக் குறை தெரியவில்லை, கேஜுக்குத் தெரிந்தது.

“எந்தக் காருக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியாது சார். டிராயிங்ல நம்பர் மட்டும்தான் இருக்கும்” என்றார் முதலாளி.

அதே தெருவின் கடைசியில் இருந்த இன்னொரு பட்டறையைத் தேடிப் போனேன். நான் வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில், எங்கள் நிறுவனம் ஒரு தாங்கியின் வடிவத்தை மாற்றியது. பழைய வடிவில் அவர் செய்து வைத்திருந்த பல ஆயிரம் பாகங்களை எடுத்துக்கொள்ள முடியாது என்று அவருக்குக் கடிதம் அனுப்பினோம். எழுதியவன் நான். எங்கள் உற்பத்தித் திட்டத்தை நம்பித்தான் அவர் அவ்வளவு செய்து வைத்திருந்தார். ஒப்பந்தத்தின் ஒரு வரி எங்கள் பக்கம் இருந்தது. அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது கூரியர் கிடங்கு இருக்கிறது. அவர் எங்கே போனார் என்று அக்கம்பக்கத்தில் கேட்டும் யாருக்கும் தெரியவில்லை.

நாள் 2: இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர்

விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பூந்தமல்லியில் நின்றால் இந்தத் தொழிலின் அளவு தெரியும். கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, கண்ணாடியில் நிறுவனப் பெயர் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அந்தப் பெயர்களில் காரின் மீது பார்க்கக்கூடியவை ஒன்றோ இரண்டோதான். மற்றவை இருக்கை, விளக்கு, கம்பிக்கோப்பு, பம்பர், சைலன்சர் செய்கிறவர்களுடையவை.

ஹூண்டாய் 1996இல் இங்கே கால் வைத்தபோது தனியாக வரவில்லை. கொரியாவில் தனக்குப் பாகம் செய்து தந்துகொண்டிருந்தவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. 1998இல் சான்ட்ரோ வெளிவருவதற்குள் நெடுஞ்சாலையின் இருபுறமும் அவர்களுடைய ஆலைகள் எழும்பிவிட்டன. இராமானுசர் அவதரித்த ஊரில் இன்று கொரிய எழுத்துப் பலகை மாட்டிய சாப்பாட்டுக் கடைகள் இருப்பதற்குக் காரணம் கார் நிறுவனத்தைவிட, அதைப் பின்தொடர்ந்து வந்த இந்த வெண்டர்கள்தான்.

பின்தொடர்ந்து வர வேண்டிய அவசியம் என்ன என்பதை ஓர் இருக்கை லாரி சொல்லிவிடும். தேநீர்க் கடையில் நின்றபோது என் பக்கத்தில் அப்படி ஓர் ஓட்டுநர் அவசரமாகக் குடித்துக்கொண்டிருந்தார். வர்ணம் பூசி முடித்த உடல் பூட்டும் வரிசைக்குள் நுழைந்ததும், அது எந்த மாடல், எந்த நிறம், துணியா தோலா என்ற தகவல் இருக்கை ஆலைக்குக் கணினி வழியே போய்விடுகிறது. அந்தக் கார் நகர்ந்து நகர்ந்து இருக்கை பூட்டும் இடத்துக்கு வந்து சேரச் சில மணி நேரமே ஆகும். அதற்குள் அந்த இருக்கை செய்யப்பட்டு, கார்கள் வரும் அதே வரிசையில் லாரியில் அடுக்கப்பட்டு, ஆலையின் கதவை அடைந்து, இறக்கிய கையோடு வரிசையில் ஏற வேண்டும். நடுவில் கிடங்கு கிடையாது. லாரியில் இரண்டு இருக்கைகள் இடம் மாறினால் சிவப்புக் காருக்குள் வேறொரு காரின் இருக்கை போய் உட்காரும். இந்த முறையில் இருக்கை ஆலை கார் ஆலையிலிருந்து வெகு தொலைவில் இருக்கவே முடியாது.

இந்த ஏற்பாடு அழகானது. அதே அளவுக்கு மெல்லியது. பயிற்சி வகுப்புகளில் நாங்கள் தவறாமல் சொல்லிக்கொடுக்கும் கதை ஜப்பானுடையது. 1997 பிப்ரவரி 1ஆம் தேதி அதிகாலையில், கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை ஒன்று தீப்பிடித்தது. பின்சக்கர பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறிய வால்வை டொயோட்டா அந்த ஓர் ஆலையிடமிருந்துதான் கிட்டத்தட்ட முழுவதும் வாங்கிக்கொண்டிருந்தது. கையிருப்பு ஓரிரு நாள்களில் தீர்ந்ததும் ஜப்பானில் டொயோட்டாவின் பூட்டும் ஆலைகள் ஏறக்குறைய முழுவதுமாக நின்றுபோயின. உள்ளங்கையில் அடங்கும் வால்வு அது. அதைச் செய்ய முன்வந்தவர்களில் தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனமும் உண்டு. யாருக்கு எவ்வளவு விலை என்று பேசி முடிக்காமலேயே அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வரைபடத்தை வாங்கிக்கொண்டு வால்வு செய்யத் தொடங்கின. ஒரு வாரத்தில் கார்கள் மறுபடி ஓடி வந்தன. வகுப்பில் நாங்கள் இந்தக் கதையிலிருந்து ‘ஒரே இடத்தை நம்பாதே’ என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். அழைத்தவுடன் அத்தனை பேர் ஏன் வந்தார்கள் என்பதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லியது என்பது 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தச் சாலையில் எனக்கு நேரில் புரிந்தது. ஹூண்டாய், ஃபோர்டு, ரெனோ-நிசான் ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. மழை விட்ட பிறகும் வரிசையை உடனே ஓட்ட முடியவில்லை, ஏனென்றால் எந்த வெண்டரின் இயந்திரம் தண்ணீரில் நின்றது, எவருடைய ஆட்கள் வீடு மூழ்கி வர முடியாமல் இருக்கிறார்கள் என்பது யாருக்கும் முழுமையாகத் தெரியாது. முதல் அடுக்கு வரை எங்களிடம் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. அதற்குக் கீழே இருந்த அம்பத்தூர்ப் பட்டறைகள் எங்கள் பட்டியலில் இல்லவே இல்லை.

நாள் 3: ஒரகடம், மறைமலைநகர்

ஒரகடத்தில் அதிகம் நிற்கவில்லை. 2010இல் ரெனோவும் நிசானும் சேர்ந்து தொடங்கிய ஆலையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, அகலமான சாலைகளில் கன்டெய்னர்களுக்கு வழிவிட்டுக்கொண்டே பேருந்து மாறினேன். 2015இல் வந்த க்விட் காரில் 98 சதவீதம் பாகங்கள் இந்தியாவிலேயே செய்தவை என்று அந்நிறுவனம் அறிவித்தது. அவ்வளவு குறைந்த விலைக்கு அந்தக் காரை விற்க முடிந்ததன் பின்னால் இருந்தவர்கள் உள்ளூர் வெண்டர்கள் என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

மறைமலைநகரில்தான் நாள் முழுவதும் கழிந்தது. 1999இல் ஃபோர்டு ஐகான் இங்கிருந்துதான் வந்தது. 2018 முதல் இங்கே செய்த ஈக்கோஸ்போர்ட் அமெரிக்காவிலேயே விற்பனையானது. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. மறு ஆண்டின் நடுவில் கடைசிக் கார் வெளியேறியது. ஆலைத் தொழிலாளர்களின் போராட்டம் செய்திகளில் வந்தது. வெண்டர்களின் நிலை அவ்வளவாக வரவில்லை.

ஒரு பாகத்தைச் செய்ய அச்சு வேண்டும். அந்த அச்சு பெரும்பாலும் கார் நிறுவனத்தின் சொத்து. அது நிற்பது வெண்டரின் கொட்டகையில். அந்த அச்சை ஏற்றும் இயந்திரம் வெண்டர் வங்கியில் கடன் வாங்கிப் போட்டது. கார் நின்றுபோனால் அச்சை வேறு எந்தக் காருக்கும் பயன்படுத்த முடியாது, கடன் மட்டும் மாதாமாதம் தேதி தவறாமல் வரும். பழைய மாடல்களுக்கான உதிரிபாகங்கள் பல ஆண்டுகளுக்குத் தேவைப்படும் என்பதால் சில அச்சுகளைத் தூக்கிப் போடவும் முடியாது. எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, சுவரோரம் அடுக்கி வைத்திருந்த அச்சுகளை இன்று ஒரு கொட்டகையில் பார்த்தேன். மூலையில் ஒன்றின் மீது சாக்பீஸால் எழுதிய தேதி இன்னும் அழியாமல் இருந்தது. கடைசியாக அதை இயந்திரத்திலிருந்து இறக்கிய தேதி. வருடத்துக்கு இரண்டு முறை இறக்கி ஏற்றி, துரு பிடிக்காமல் பார்த்துக்கொள்வதாக மேற்பார்வையாளர் சொன்னார். “நம்மகிட்ட குடுத்த பொருள் சார், அப்படியே விட முடியுமா?” என்றார்.

அவர் பேசும்போது எனக்கு 2021இன் இன்னொரு நிகழ்ச்சியும் நினைவுக்கு வந்தது. அந்த செப்டம்பரில் மின்னணுச் சில்லு தட்டுப்பாட்டால் மாருதி வழக்கமான உற்பத்தியில் நாற்பது சதவீதம் அளவுக்குத்தான் செய்ய முடியும் என்று அறிவித்தது. சில்லு கிடைக்காதது கார் நிறுவனத்துக்கு. ஆனால் சில்லுடன் எந்தத் தொடர்பும் இல்லாத, ரப்பர் வளையம் மட்டும் செய்கிற பட்டறையிலும் அந்த மாதம் இரண்டாவது ஷிஃப்ட் நின்றது. இவர்களில் ஒருவர் தடுமாறினால் கார் நிற்கிறது. கார் நின்றால் இவர்கள் எல்லாரும் நிற்கிறார்கள்.

நாள் 4: ஓசூர்

இரவுப் பேருந்தில் கிருஷ்ணகிரி வழியாக ஓசூர். காலையில் நல்ல குளிர்.

1980இல் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும் இந்த ஊரில் தடம் பதித்தன. இப்போது ஏத்தர் மின்ஸ்கூட்டரும் இங்கேதான். சிப்காட்டில் எஞ்சின் வால்வு கடைகிற ஒரு சிறு ஆலையின் வாசலில், ஷிஃப்ட் முடித்து வந்த இளைஞர்களோடு நின்று பேசினேன். மின்வண்டிக்கு வால்வு கிடையாது, பிஸ்டன் கிடையாது, வளையம், ஸ்பார்க் பிளக், கிளட்ச், சைலன்சர் எதுவும் கிடையாது. அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மோட்டாருக்கான தண்டு கடையப் பழகிக்கொண்டிருக்கிறோம் என்றார் ஒருவர். கார் நிறுவனம் எஞ்சினிலிருந்து மோட்டாருக்கு மாறுவது அதன் கையில் இருக்கும் முடிவு. வால்வு மட்டும் செய்கிறவருக்கு அந்த முடிவு தபாலில் வருகிறது.

நாள் 5: கோயம்புத்தூர்

தொப்பூர்க் கணவாய் இறங்கி, சேலம் கடந்து, மதியம் கோவை வந்து சேர்ந்தேன். இங்கே கதை வேறு. சென்னையில் கார் ஆலையும் பெரிய நிறுவனமும் வெண்டரை உருவாக்கின. கோவையில் வெண்டர் முன்பே இருந்தார். பஞ்சாலைகள் வந்தன, 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது, ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கப் பட்டறைகள் வந்தன, அந்தப் பட்டறைகள் பம்புசெட் செய்தன, பம்புசெட்டுக்கு வார்ப்பு வேண்டியிருந்ததால் ஃபவுண்டரிகள் வந்தன. அந்தக் கைத்திறனைக் கார் தொழில் பின்னால் வந்து தேடிப்பிடித்துக்கொண்டது. 1975இல் பெரியநாயக்கன்பாளையத்தில் தொடங்கிய பிரிக்கால் வேகமானிகளைச் செய்தது. ரூட்ஸ் ஹாரன் அடிக்காத சாலை நாட்டில் இருக்காது.

கணபதியில் எனக்குப் பழக்கமான ஃபவுண்டரிக்காரர் ஒருவர் இருக்கிறார். இருபது ஆண்டுகளில் அவரிடம் நான் சோதனைக்காரனாக மட்டுமே உட்கார்ந்திருக்கிறேன். “வாங்க வாங்க, இன்னைக்காவது பேப்பர் இல்லாம வந்தீங்களே” என்று வரவேற்றார்.

மாலையில் உலை தயாரானது. மணலைக் கெட்டித்துச் செய்த அச்சுப் பெட்டிகள் தரையில் வரிசையாக இருந்தன. இருவர் கம்பியில் தொங்கும் லேடிலைப் பிடித்துக்கொண்டு, ஒரே சீரான நடையில் ஒவ்வொரு பெட்டியாக நகர்ந்து, உருகிய இரும்பைத் துளைக்குள் நிறுத்தாமல் ஊற்றினார்கள். ஊற்று நடுவில் நின்றால் வார்ப்பு மடிந்துபோகும். வேகம் கூடினால் மணல் அரித்துக்கொண்டு உள்ளே போகும். காற்று சிக்கினால் உள்ளே ஒரு குமிழ் தங்கிவிடும். அதற்குப் புளோ ஹோல் என்று பெயர். வெளியே ஒன்றும் தெரியாது. வேறோர் ஊரில், வேறொருவர், இந்த வார்ப்பைக் கடைந்து முக்கால் வேலை முடித்த பிறகுதான் கத்தியின் கீழே அந்தக் குழி கண் திறக்கும். அப்போது வார்ப்பின் விலை மட்டுமல்ல, கடைந்த கூலியும் சேர்த்து ஃபவுண்டரியின் கணக்கில் பிடித்தம் செய்யப்படும். அப்படிப்பட்ட டெபிட் நோட்டுகளில் எத்தனையோ முறை கையெழுத்திட்டிருக்கிறேன். அந்த லேடிலைப் பிடிப்பவரின் தோளைப் பக்கத்தில் நின்று பார்த்தது இன்றுதான்.

தேநீர் குடிக்கும்போது அவர் கணக்கைச் சொன்னார். பன்னிரண்டு ஆண்டுகளாகச் செய்துவரும் ஒரு தாங்கிக்கு ஒவ்வோர் ஆண்டும் விலையில் சிறு பங்கு குறைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பழகப் பழகச் செலவு குறையும் என்பது அதன் நியாயம். முதல் மூன்று ஆண்டுகள் அது உண்மையும்கூட. அதற்குப் பிறகு குறைக்க மிஞ்சியது கூலியும் லாபமும்தான். பழைய இரும்பின் விலை ஏறினால் திருத்தித் தருவார்கள், ஆனால் சில மாதங்கள் கழித்து. மின்கட்டணம் ஏறினால் பேச்சே இல்லை. சிறு நிறுவனங்களுக்கு நாற்பத்தைந்து நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அப்படித் தராவிட்டால், பணம் கொடுக்கும்வரை வரிக்கணக்கில் அந்தச் செலவைக் கழித்துக்கொள்ள முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு கொஞ்சம் மாற்றம் தெரிகிறது என்றார். கேட்டு வாங்கத் தயங்குவது ஏன் என்றேன். “கேட்டா குடுத்துருவாங்க. அடுத்த ஆர்டர் வேற பக்கம் போயிருமுங்க.”

நான் வாங்கும் பக்கம் உட்கார்ந்திருந்தவன். விலைக் குறைப்புக் கடிதங்களைப் பேச்சுத்திறன் என்று எண்ணியிருந்தேன். நாங்கள் குறைத்ததில் ஒரு பங்கு வீண்செலவைக் களைந்ததால் வந்தது, அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. மற்றொரு பங்கு இந்த மாதிரி கொட்டகைகளில் மின்விசிறியும் புகைபோக்கியும் வாங்காமல் விட்டதால் வந்தது. வெண்டரின் ஆட்களுக்கு ஈரத்துணியே முகக்கவசமாக இருந்தவரை எங்கள் லாபக்கணக்கு சரியாக வந்தது என்று எழுத வேண்டியிருக்கிறது.

ஏழரை மணிக்கு அவருடைய கைப்பேசி ஒலித்தது. பேசிவிட்டு எழுந்தார். ஒரகடத்தில் முதல் அடுக்கு ஆலை ஒன்றில் இருநூறு பாகங்கள் குறைகின்றன, காலை ஷிஃப்டுக்குள் வேண்டும். கடைசல் முடிந்து பக்கத்துப் பட்டறையில் இருந்ததை எடுத்துவரச் சொன்னார். இரண்டு பையன்கள் ஒவ்வொன்றையும் எண்ணெயில் தோய்த்து, காகிதத்தில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கயிறு கட்டினார்கள். காந்திபுரத்தில் ஆம்னி பேருந்தில் போட்டுவிடுவார்களாம். நான் டிக்கெட் எடுத்திருந்த பேருந்தும் அந்த நேரத்தில்தான் கிளம்புகிறது என்றேன். “அப்ப நீங்களே ஒரு கண்ணு வெச்சுக்கங்க” என்று சிரித்தார்.

நாள் 6: பெருங்களத்தூர், காலை 5.40

இரவு முழுவதும் பெட்டி என் இருக்கைக்குக் கீழே லக்கேஜ் அறையில் வந்தது. சேலத்தில் ஒரு முறையும் உளுந்தூர்ப்பேட்டையில் ஒரு முறையும் ஃபவுண்டரிக்காரரின் செய்தி வந்தது: “எங்க சார் இருக்கீங்க?” ஒருமுறை அவரே அழைத்தார்; அவர் தூங்கவில்லை.

பெருங்களத்தூரில் ஹெல்மெட் போட்ட ஓர் இளைஞர் பேருந்து நிற்பதற்கு முன்பே கூட நடந்துவந்தார். கிளீனர் கதவைத் திறந்ததும் கயிற்றைப் பார்த்து அடையாளம் கண்டு பெட்டியை இழுத்தார். நாற்பது கிலோவுக்குக் குறையாது. நானும் ஒரு பக்கம் பிடித்தேன். பைக்கின் டேங்க் மீது வைத்து, முழங்கால்களால் அணைத்துக்கொண்டு, வண்டலூர்-வாலாஜாபாத் சாலையை நோக்கித் திருப்பினார். “லைன் ஆறரைக்கு ஸ்டார்ட் ஆகும் சார்” என்றார், நான் கேட்காமலே.